கஞ்சமலையில் வனேடியமா?
"சேலம் பக்கத்துக் கஞ்சமலை இரும்புத் தாது காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட், ஆகவே எஃகை வலுவாக்கும் வனேடியம் என்ற உலோகமும் கிடைக்கும்" என்று சிலர் சொல்வது இடிக்கிறது. வனேடியம் சேர்வது டைட்டானியம் கலந்த மேக்னடைட்டில். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு தாது அந்த ரகம். கஞ்சமலையில் இருப்பதோ குவார்ட்சோடு பட்டை பட்டையாகப் படிந்தது. சேலம் பக்கம் தேடித்தான் ஆகவேண்டும் என்றால் சேர்வராயன் மலையின் அலுமினியத் தாதான பாக்சைட்டைப் பாருங்கள். பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கும்போது அதிலுள்ள வனேடியத்தில் ஒரு பகுதி கரைந்து, சுற்றிச் சுற்றி வரும் கரைசலில் சேர்ந்துகொண்டே போகும். கரைசலைக் குளிரவிட்டால் பாஸ்பேட்டோடு கலந்த உப்புச் சேறாக இறங்கும். அதை வெந்நீரில் கரைத்து, பாஸ்பேட்டை நீக்கிவிட்டு அம்மோனியம் குளோரைடு போட்டால் வெள்ளையாக அம்மோனியம் மெட்டாவனடேட் என்ற வனேடிய உப்பு படியும். அதை 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் நல்ல காற்றோட்டத்தில் வறுத்தால் ஆரஞ்சு நிற வனேடியம் பென்டாக்சைடு. காற்று போதாவிட்டால், கிளம்புகிற அம்மோனியாவே ஆக்சைடைக் கெடுத்துக் கறுப்பாக்கிவிடும். சூடு 690-ஐ நெருங்கினாலோ உருகி, வறுக்கும் கிண்ணமான மூசையில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டி மாளாது. தூசியும் நஞ்சு, முகமூடி இல்லாமல் கிட்டே போகக்கூடாது. இவ்வளவு பாடு எதற்கு, "பாக்சைட்டிலிருந்து எடுக்கும் அலுமினியத்திலேயே வனேடியம் கிடந்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் கேட்கலாம். மின்கம்பிக்கு அது ஆகவே ஆகாது, கடத்துதிறன் விழும். அதனால்தான் உருகிய அலுமினியத்தில் போரான் சேர்த்து, வனேடியத்தை போரைடாக அடியில் இறக்கிவிடுகிறார்கள்.