கண் திறந்ததும் அப்பா கேட்ட கேள்வி

ஐசியுவில் மூன்றாவது நாள்தான் அப்பாவுக்கு நினைவு முழுதாகத் தெளிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய்க் கை ஊதா நிறத்தில் இருந்தது. உதட்டை அசைத்தார். தண்ணீர் கேட்கிறார் போல என்று காதை அருகில் கொண்டுபோனேன்.

"எவ்வளவும்மா ஆச்சு?"

தனக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவில்லை. "அதெல்லாம் தம்பி பாத்துக்கிறான்ப்பா, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராண்டாவில் ஒதுங்கி நின்று அழக்கூட இடம் இல்லை. நாற்காலி முழுக்க என்னைப் போலவே மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு ஆட்கள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. மாரடைப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அவருக்கு நெஞ்சில் பாரம் இருந்திருக்கிறது. வாயு என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறார். ஏன்ப்பா மறைத்தீர்கள் என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டேன். "போனா டெஸ்ட் மேல டெஸ்ட் எழுதுவாங்க. நீ இப்பதான் லோன் அடைச்சு முடிச்சே" என்றார். பாரம் தொடங்கிய அன்றே வந்திருந்தால் மாரடைப்பு வரை போகாமலே தடுத்திருக்கலாம் என்று மருத்துவர் எங்களிடம் சொன்னதை அவரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இந்த ஒரு கேள்விதான் மனதில் கிடந்து உருளுகிறது. மருத்துவம் இவ்வளவு செலவு பிடிக்கிறது, சரி. அந்தச் செலவை யார் கட்ட வேண்டும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கட்ட வேண்டும். அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி, உடம்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே, மாதாமாதம் கட்டிவிட வேண்டும். படுக்கையில் கிடப்பவரிடமும், அவருக்காகக் கவுன்ட்டர் முன் நிற்பவரிடமும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

இது ஏதோ இரக்கத்தில் சொல்வது என்று நினைக்க வேண்டாம். அந்த இரவு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மணி ஒன்றரை இருக்கும். பச்சை உடுப்பில் ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்து, "ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும். இரண்டு வகை இருக்கிறது, எதை வைக்கட்டும்?" என்று கேட்டார். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொன்னார். கையில் பேனா, முன்னால் படிவம், உள்ளே அப்பா. விலை அதிகமானது நல்லதாகத்தான் இருக்கும் என்று எந்த மகளுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. "நீங்களே முடிவு பண்ணுங்க டாக்டர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அட்வான்ஸ் கட்டிய ரசீது வரட்டும் என்று கீழே கவுன்ட்டரில் வேறு நிறுத்திவைத்தார்கள். தம்பி போனில் இருந்த எண்களுக்கெல்லாம் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து அனுப்பியவர்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் 1963-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசுகிறது. நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் என்ன தேவை என்பது விற்பவருக்குத்தான் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் மற்ற சந்தைகளில் விலையைக் கட்டுக்குள் வைக்கிற வழிகள் மருத்துவத்தில் சரியாக வேலை செய்யாது. ஒரு சட்டை வாங்கினால் நான்கு கடை ஏறி இறங்குவோம், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வருவோம். ஆம்புலன்ஸில் போகிறவர் எந்தக் கடை ஏறி இறங்குவார்? நான் அந்தப் படிவத்தில் போட்ட கையெழுத்தை ஒரு வாடிக்கையாளரின் முடிவு என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

டிஸ்சார்ஜ் அன்று கைக்கு வந்த பில் பல பக்கம். பஞ்சு, கையுறை, சிரிஞ்ச் எல்லாம் எண்ணி எண்ணிப் போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டாம் நாள் இரவு முழுக்க அப்பாவின் பக்கத்திலேயே நின்று, மானிட்டரில் எண் இறங்கும்போதெல்லாம் ஓடிப்போய் மருத்துவரை எழுப்பிய அந்த நர்ஸம்மாவின் வேலை எந்த வரியிலும் தனியாக இல்லை. அவர் மட்டும் இல்லையென்றால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் செலவையெல்லாம் மொத்தமாகக் கொள்ளை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் நியாயமான பங்கு ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் செய்கிற பொருள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைத் துடைக்கும் நேரத்தை எந்த இயந்திரமும் பாதியாக்கிவிடாது. அதே சமயம் மற்ற துறைகளுக்கு இணையாக இவர்களுக்கும் சம்பளம் கூடியாக வேண்டும். வில்லியம் பாமல் என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். நர்ஸம்மாவுக்கு நல்ல சம்பளம் போகிறது என்றால் அதற்காக நான் கட்டத் தயார். இன்னும் அதிகமாகவே கட்டத் தயார்.

கோபம் வருவது மற்ற பங்கின் மேல். ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோயைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013 கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 12 வாரச் சிகிச்சைக்கு வைத்த விலை 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். மறுவருடமே எகிப்து அரசு தன் மக்களுக்காக மொத்தமாகப் பேரம் பேசி, அதே 12 வாரத்துக்கு 900 டாலர் என்று வாங்கியது. ஒரே மருந்து, ஒரே நோய். தனி ஆளாகப் போய் நின்றால் ஒரு விலை, ஒரு நாடே சேர்ந்து போய் நின்றால் ஒரு விலை. சேர்ந்து கட்டுவதில் நான் பார்க்கும் பெரிய பலம் இதுதான். ஒரு குடும்பம் கவுன்ட்டரில் நின்று பேரம் பேச முடியாது. கோடிக்கணக்கானவர்களின் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு பொது நிதி பேச முடியும்.

இன்சுலினை நினைத்தால் இன்னும் வலிக்கும். 1921-ல் டொராண்டோவில் கண்டுபிடித்தார்கள். அதன் காப்புரிமையை பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-ல் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். நூறு வருடம் கழித்து, அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று இன்சுலினுக்கு ஒரு சட்டமே போட வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் 2022-ல் வந்தது.

டாமி டக்ளஸ் பற்றிப் படித்ததிலிருந்து அவரைப் பற்றி யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கனடாவின் வின்னிபெக் நகரில் வளர்ந்த ஏழைச் சிறுவன். காலில் அடிபட்டு எலும்பில் சீழ் பிடித்தது. சிறப்பு மருத்துவரிடம் காட்ட வீட்டில் வசதி இல்லை, காலை எடுத்துவிட வேண்டும் என்ற நிலை. தற்செயலாக ஓர் அறுவை மருத்துவர் அவனைப் பார்த்தார். தன் மாணவர்கள் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள சம்மதித்தால் காசு வாங்காமல் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த மருத்துவரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். டக்ளஸ் வளர்ந்தபின் யோசித்தது வேறு. தன் கால் பிழைத்தது அதிர்ஷ்டத்தால். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பையனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால்? சஸ்காட்செவன் மாகாணத்தின் முதல்வராக ஆனபின், 1947-ல் எல்லோருக்குமான மருத்துவமனைக் காப்பீட்டைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிவைத்த முழு மருத்துவத் திட்டம் 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது மாகாணத்தின் மருத்துவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. அரசு பின்வாங்கவில்லை. பத்து வருடத்துக்குள் கனடாவின் மாகாணங்கள் அத்தனையும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

இப்போதெல்லாம் என் போனில் வாரம் ஒரு படமாவது வருகிறது. குழாய்கள் சொருகிய குழந்தை, கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். என்னால் முடிந்ததை அனுப்புகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கட்டில் பையன் ஞாபகத்துக்கு வருகிறான். அழகாகப் படம் எடுக்கத் தெரியாத, பகிர ஆள் இல்லாத வீட்டுக் குழந்தைக்கு யார் அனுப்புகிறார்கள்?

பணக்கார நாடுகளுக்குத்தான் இதெல்லாம் முடியும் என்பார்கள். தாய்லாந்து 1997-ல் பொருளாதாரம் சரிந்து விழுந்த நாடு. அங்கே 2002-ல், வேறு காப்பீடு இல்லாத எல்லோரையும் வரிப்பணத்தில் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது மருத்துவமனைக்குப் போனால் ஒரு தடவைக்கு 30 பாட் (தாய்லாந்து நாணயம்), அவ்வளவுதான். மறுபக்கம், உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17, 18 சதவீதத்தை அதற்குக் கொட்டுகிறது. அங்கே மக்களின் சராசரி ஆயுள் மற்ற பணக்கார நாடுகளைவிடக் குறைவு.

"இலவசம் என்றால் சும்மா சும்மா போய் நிற்பார்கள், கொஞ்சமாவது கைக்காசு போட்டால்தான் அருமை தெரியும்" என்று என் நெருங்கிய உறவினர் ஒருவரே சொன்னார். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்துப் பல வருடம் கவனித்தது. கைக்காசு போட வேண்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை. தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்தார்கள். ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இலவசத் திட்டத்தில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுக்குள் வந்தது. எது வாயு, எது மாரடைப்பு என்று என் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தானே மருத்துவர்?

குடித்துக் குடலைக் கெடுத்துக்கொண்டவனுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. என் அப்பா பீடி, சிகரெட் தொட்டதில்லை, அவருக்கு வந்தது. நோயாளியின் தப்பை எடைபோட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அந்தத் தராசு முன் நிற்கும் நாள் நமக்கும் வரும்.

சேர்ந்து கட்டும் முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனிலும் கனடாவிலும் மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்த வலி சின்ன வலி இல்லை. பொது நிதி என்று வந்துவிட்டால் எல்லா மருந்தையும் எல்லோருக்கும் தர முடியாது என்பதும் நிஜம். 2019-ல் வந்த ஒரு மரபணுச் சிகிச்சைக்கு ஒரு குழந்தைக்கு 21 லட்சம் டாலருக்கு மேல் விலை. யாராவது ஒருவர் ஏதோ ஓர் இடத்தில் "இதற்கு இவ்வளவு தர முடியாது" என்று சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் அதற்கென்றே 1999-ல் நைஸ் என்ற அமைப்பை வைத்தார்கள். எதற்குச் சம்மதிக்கிறோம், எதற்கு மறுக்கிறோம், ஏன் என்று அது வெளிப்படையாக எழுதி வைக்கிறது. பிடிக்காதவர்கள் எதிர்த்துக் கேட்கலாம். எங்கள் வீட்டில் "முடியாது" என்று சொன்னது யார் என்று நினைத்துப் பாருங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான்கு நாள், யாரிடமும் சொல்லாமல், அப்பாவே சொல்லிக்கொண்டார்.

அவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. மருத்துவத்துக்குக் கைக்காசு கட்டி நெருக்கடியில் விழுந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. செலவுக்குப் பயந்து மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கட்டினால்தானே கணக்கு.

வரி கூடும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். என் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் பிடித்துக்கொள்ளட்டும். பத்து வருடம் எனக்கு ஒரு தலைவலிகூட வராமல் போனால் மகிழ்ச்சி, அந்தப் பணம் யாருக்கோ ஆஞ்சியோவாகப் போயிருக்கும். அன்றைக்குத் தம்பி போன் அடித்த ராத்திரியில், இருபது முப்பது பேர் எங்களுக்குச் செய்ததும் அதுதான். அவர்களின் தூக்கத்தைக் கெடுத்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் செய்யுங்கள் என்கிறேன்.

அப்பா இப்போது காலையில் மெதுவாக நடக்கிறார். மாத்திரை டப்பாவை வாராவாரம் நான்தான் நிரப்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நிரப்பும்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை மூன்று மிச்சம் இருந்தது. மறந்துட்டீங்களாப்பா என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா போதாதாம்மா? அதுதான் அதுல விலை ஜாஸ்தி."