வரிசை கலைந்த பிறகு

கடந்த வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நண்பர் சொன்னார்: "இனம், மதம், மொழி எல்லாம் பழைய தலைமுறையின் அரசியல். 2022 பொருளாதார நெருக்கடி அதைப் புதைத்துவிட்டது. இனி இலங்கையில் பொருளாதாரம் மட்டும்தான் அரசியல்." மேசையில் இருந்த சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அன்று மறுத்துப் பேசாமல் வந்தது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம், தெஹிவளையில் எரிவாயு வரிசை. அதிகாலை மூன்றரை மணிக்குச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனபோதே எனக்கு முன்னால் நூற்றுக்கு மேல் நின்றன. இரவில் யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, எல்லாச் சிலிண்டர்களின் கைப்பிடிகளுக்குள்ளாலும் ஒரே இரும்புச் சங்கிலியைக் கோர்த்துப் பூட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வெண்கட்டியால் இலக்கம். என்னுடையது 117. எனக்குப் பின்னால் 118, ஒரு சிங்கள அக்கா. வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். எரிவாயு இல்லையென்றால் நமக்குச் சோறு பிந்தும். அவருக்கு அன்றைய வருமானமே இல்லை.

இரண்டு பகலும் ஓர் இரவும் நின்றோம். நான் அவரை "அக்கே" என்றேன், அவர் என்னை "மல்லி", தம்பி, என்றார். இரண்டாம் நாள் வெயில் ஏறியபோது, நான் கேட்காமலே அவர் தன் 2019ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். அவருடைய மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்த நேரத்தில்தான் குருநாகல் வைத்தியர் ஒருவர், ஒரு முஸ்லிம், ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு அவர்கள் அறியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று பத்திரிகையின் முன்பக்கத்தில் செய்தி வந்தது. "எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது மல்லி. அதற்குப் பிறகு முஸ்லிம் கடையில் ஒரு முழத் துணிகூட வாங்கவில்லை. வாக்கை ராஜபக்ஷக்களின் மொட்டுச் சின்னத்துக்குப் போட்டேன்."

அந்த வைத்தியரைக் கைது செய்தார்கள். ஆதாரம் எதுவும் இல்லையென்று குற்றப் புலனாய்வினரே சொன்னார்கள். இருந்தும் அவர் நீண்ட காலம் கட்டாய விடுமுறையில் வைக்கப்பட்டார். அந்தக் காலத்துக்குரிய நிலுவைச் சம்பளம், 26 இலட்சம் ரூபாய்க்கு மேல், 2022இல் அவருக்குக் கிடைத்தது. நாட்டின் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்துபோயிருந்த மாதங்கள் அவை. முழுத் தொகையையும் அவர் மருந்து வாங்கவென்று சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். இதை அந்த அக்காவுக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சிலிண்டரின் மேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயத்தை அவருக்குள் விதைத்தவர்கள் அதைக்கொண்டு என்ன வாங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி. நான் ஒரு கணக்காளர். அந்தக் கொள்முதல் என் கண்முன்னேதான் நடந்தது.

2019 நவம்பர் 18ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ அநுராதபுரத்தில், ருவன்வெலிசாயவின் முன்னால் பதவியேற்றார். 52.25 சதவீதம், 69 இலட்சம் வாக்குகள். சிங்கள மக்களின் வாக்கால் வென்றேன் என்பதை அந்த மேடையிலேயே சொன்னார். டிசம்பர் 1ஆம் திகதியிலிருந்து வற் எனும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாய் புரள்வுள்ள வியாபாரம் பதிவுசெய்ய வேண்டும் என்றிருந்தது, 30 கோடி புரண்டால் மட்டும் பதிவுசெய்தால் போதும் என்று மாறியது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் போயிற்று. பதவியேற்றுப் பதின்மூன்று நாளில் ஒரு நாட்டின் வருமானத்தில் இவ்வளவு பெரிய துண்டை வெட்டி எறிந்தார்கள்.

ஜனவரி மாதம் என் சம்பளப் பட்டியலில் வரிக்கழிவு இருந்த இடத்தில் பூச்சியம் நின்றது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நிலுவைக் கணக்குகளையும் கடன் தவணைகளையும் தினமும் பார்க்கிற எனக்கு, வரவைக் குறைத்தால் கடன்காரனுக்கு எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழுந்தது. அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. தேர்தலுக்கு முன்பே இது நாட்டை வங்குரோத்தாக்கும் என்று எச்சரித்தவர் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர. அவர் பேசியதை எத்தனை பேர் கேட்டோம்? நாடு அப்போது வேறு கேள்விகளில் மூழ்கிக் கிடந்தது. யார் முகத்தை மூடுகிறார்கள், எந்த உணவுப் பொதியில் ஹலால் முத்திரை இருக்கிறது, சுதந்திர தினத்தில் தேசிய கீதம் எந்த மொழியில். 2020 பெப்ரவரி 4ஆம் திகதி அது சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது. அதைப் பற்றி நாங்கள் ஒரு மாதம் சண்டை பிடித்தோம். வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த நிலையிலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கியதை ஒரு மாலைகூடப் பேசவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கொரோனா சுற்றுலாவை முடக்கியது உண்மை. ஆனால் வெளியில் கடன் வாங்கும் கதவு 2020இலேயே சாத்தப்பட்டுவிட்டது, கஜானாவில் வரவு இல்லை என்பதை உலகம் பார்த்துவிட்டதால். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளைக்குத் தடை. கிளிநொச்சியில் அப்பாவின் வயலில் அந்தப் பெரும்போகம் பயிர் முழங்காலுக்கு வரமுன்பே மஞ்சளித்தது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்தது, மண் இருந்தது, உழைக்க அப்பா இருந்தார். யூரியா மட்டும் இல்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் சந்தையில் கேட்ட விலை அப்பாவின் கைக்கு எட்டவில்லை. ஏக்கருக்கு இருபத்தைந்து மூடை எடுத்த வயலில் ஒன்பது மூடை. அறுவடை முடிந்து அவர் வரம்பில் நின்று ஒரு கதிரைக் கசக்கி உள்ளங்கையில் ஊதினார். பதர்தான் பறந்தது. உள்ளங்கையில் ஐந்தாறு மணிகள் நின்றன.

அதே நேரம் கொழும்பில் அரசாங்கத்தின் கவனம் எதில் இருந்தது? 2021 மார்ச்சில் புர்காவைத் தடைசெய்யப் போவதாக அறிவிப்பு. ஒக்டோபரில், வயல்கள் மஞ்சளித்துக்கொண்டிருந்தபோது, "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று ஒரு செயலணி. தலைவர், முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சுக்குப் பேர்போன பிக்கு ஞானசார தேரர்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள். பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டொலர்கூட இல்லை என்று மே மாதம் நிதியமைச்சரே சொன்னார். எரிவாயு சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்குப் போனது. அம்மா கிளிநொச்சியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்: "எங்களுக்கு இது புதிதா தம்பி? ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துத்தான் உன்னைப் படிக்கவைத்தேன்." தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தவர்கள் நாங்கள். வடக்கில் பலர் அந்த ஆண்டு அப்படித்தான் பேசினார்கள். சிலருடைய பேச்சில் ஒரு சிறு திருப்தியும் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பால்மாவுக்கு அழுத பிள்ளைக்கு எந்த வரலாறும் தெரியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பரின் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். இனவாதம் திசைதிருப்பல், சோறுதான் உண்மை, ஆகவே சோற்றைப் பேசுவோம் என்று. இங்கேதான் நான் அவரிடமிருந்து பிரிகிறேன். இந்த வரிசையில் இந்த நாடு முன்பும் நின்றிருக்கிறது.

1953. அரசு மானியத்தை வெட்டி, 25 சதத்துக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியை 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடும் அளவுக்கு மக்களுக்குப் பயந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பசி இனத்தை வென்றுவிட்டது என்று அன்றும் யாராவது ஒரு சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பார்கள்.

மூன்றே ஆண்டுகள். 1956இல் பண்டாரநாயக்க இருபத்து நான்கு மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என்றார், வென்றார். ஜூன் 5ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் காலிமுகத்திடலில் அடித்து விரட்டப்பட்டார்கள். அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொன்ன 'கோட்டா கோ கம' கூடாரங்கள் எழுந்ததும் அதே திடலில்தான்.

அரிசிக்காகப் போராடிய அந்த இடதுசாரிகள் என்ன ஆனார்கள்? 1956இல் அவர்கள் நேர்மையாக நின்றார்கள். இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். ஆனால் வாக்கு வரவில்லை. பத்தாண்டுக்குள் வளைந்தார்கள். 1966 ஜனவரியில், டட்லி மீண்டும் பிரதமராயிருந்தபோது, தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில், டட்லியின் வயிற்றில் மசாலை வடை என்று கோஷம் போட்டவர்களோடு அவர்களும் நின்றார்கள். அரிசிக்காகத் தெருவில் இறங்கியவர்கள் இன்னொருவனின் வடையைப் பழித்து நடந்தார்கள். 1972இல் சிங்களத்துக்கு அரசகரும மொழி இடத்தையும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் கொடுத்த அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர் அதே கொல்வின்தான்.

இனப் பிரச்சினையைத் தொடாமல் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்த பொருளாதார அரசியலுக்கு இந்த நாட்டில் நேர்ந்த கதி இது. பதில் கொடுக்காமல் விட்ட கேள்வி அங்கேயே கிடக்கும். வரவுசெலவில் எதையாவது மறைக்கவேண்டி வரும்போது ஒருவன் அதைக் கையில் எடுப்பான்.

இன்னொன்றையும் அந்த மேசையில் சொல்லியிருக்க வேண்டும். திசைதிருப்பல் என்ற சொல்லே எனக்குக் கூசுகிறது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி வலுக்கட்டாயமாக எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தபோதே எரித்தார்கள். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலிக்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். நானும் ஒரு கைக்குட்டையைக் கட்டினேன். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தத் தாய்க்கு அது எதிலிருந்து திசைதிருப்பல்? யாருடைய கவனத்தைத் திருப்ப அவளுடைய குழந்தை எரிந்தது? பொருளாதாரம்தான் முதலில் என்று சொல்பவர், யாருடைய எது இரண்டாவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில், போரின் கடைசி நாட்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகள் சிரட்டையில் வாங்கிக் குடித்ததை நான் பார்த்தேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கஞ்சிக்குப் பிறகு என்ன செய்தோம்? 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்கள் எடுத்தது, யாழ்ப்பாணத்திலும் மூன்று. ஊழலையும் வாழ்க்கைச் செலவையும் பேசி வாங்கிய வாக்கு, எங்கள் ஊரவர்கள் நம்பிப் போட்ட வாக்கு. நானும் நம்புகிறேன். நம்புவதால்தான் கேட்கிறேன்: யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் தனியார் காணிகளில் எழுப்பிய விகாரைக்கு என்ன பதில்? பௌர்ணமிப் போயா தினம்தோறும் காணிக்காரர்கள் அதன் முன்னால் பதாகையோடு நிற்கிறார்களே. எல்லோருக்கும் ஒரே பிரச்சினை, அது பொருளாதாரம் என்று சொல்லி அவர்களைக் கடந்து போவது 1953இல் நின்ற அதே இடத்தில் நிற்பதாகும். இன்று வற் வரி 18 சதவீதம். 2019இல் குறைத்ததைத் திரும்ப எங்களிடம்தான் எடுக்கிறார்கள், இப்போது சமையல் எரிவாயுவிலும் சேர்த்து. இந்தச் சுமை ஏறிக்கொண்டே போனால் யாரோ ஒருவருக்கு மீண்டும் ஒரு பயம் தேவைப்படும். தையிட்டி அதற்கு நல்ல விறகு.

அந்த அக்கா இப்போதும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். போன போயா அன்று கேட்டார்: "மல்லி, வடக்கில் விகாரையை உடைக்கப் பார்க்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். உண்மையா?" உடைக்க யாரும் போகவில்லை என்றேன். அது ஆட்களின் உறுதிக்காணி என்றேன். 1990இல் இடம்பெயர்ந்தார்கள், இராணுவம் காணியை எடுத்தது, அதற்குமேல் விகாரை வந்தது, கையில் உறுதியோடு வீதியில் நிற்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொலைபேசிக்குள் இடியப்பச் சட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"அந்தக் காணியில் முன்பு என்ன போட்டார்கள்?" என்று கேட்டார்.

வலிகாமம் வடக்கு செம்மண் பூமி அக்கே, வெங்காயம், புகையிலை, மரவள்ளி என்றேன்.

"முப்பத்தைந்து வருட விளைச்சல்," என்றார். பிறகு, கடைக்காரன் வந்துவிட்டான், மாலையில் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.