படித்துறை வீட்டின் பின்கட்டு, உங்கள் ஷூட்டிங் ஸ்பாட் அல்ல

அந்த ரீலைப் பார்க்காதவர் இங்கே அநேகமாக யாரும் இருக்க முடியாது. ஹவுஸ்போட் மேல்தளத்தில் நின்று தமிழ்ப் பையன் ஒருவன் எடுத்தது. கேரளத்து வேம்பநாட்டுக் காயல், தென்னை, படித்துறையில் குனிந்து நிற்கும் ஒரு அம்மா. "ஆண்ட்டி, இங்க ஒரு லுக்கு விடுங்க" என்று ஒரு குரல். கூடவே நாலைந்து பேர் சிரிப்பு. மேலே ஒரு குத்துப்பாட்டு.

அந்த அம்மா என் மனைவியின் பெரியம்மா. மனைவி வல்யம்மா என்று கூப்பிடுவாள், நானும் அப்படித்தான். ஆலப்புழைக்கு வடக்கே முஹம்மாவில் வீடு. அந்தக் குரல் வந்தபோது நான் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். தமிழ் என்பதால் அங்கே இருந்தவர்களில் எனக்குத்தான் முழுசாகப் புரிந்தது. எழுந்து படித்துறைக்கு ஓடுவதற்குள் போட் பாதிராமணல் தீவுப் பக்கம் திரும்பிவிட்டது.

காயலோரத்து வீடுகளுக்கு ரோட்டுப் பக்கம் ஒரு வாசல் உண்டு. படித்துறை அதன் பின்கட்டு. பாத்திரம் கழுவுவது, மீன் உரசுவது, துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அங்கேதான். உங்கள் அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லையில் துணி துவைக்கிறார். அந்நியன் ஒருவன் சுவர் மேல் ஏறி நின்று செல்போனை நீட்டுகிறான். சும்மா இருப்பீர்களா? பின்கட்டுக்கு எதிரே தண்ணீர் இருந்துவிட்டால் மட்டும் நியாயம் மாறிவிடுமா?

வல்யம்மா அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்றாவது தெரியுமா? அவர் புருஷன், எங்கள் வல்யச்சன், விடியுமுன் தோணியில் போய், நீளக் கம்பில் கட்டிய வாரியால் அடிச்சேற்றைக் கிளறி மட்டி (ஓட்டுக்குள் சதை இருக்கும் சிப்பி) வாரி வருவார். அதை அண்டாவில் போட்டு அவித்து, சல்லடையில் கொட்டி உலுக்கி, ஓடு வேறு சதை வேறாகப் பிரிப்பது வல்யம்மா. பிறகு முழங்கால் தண்ணீரில் நின்று மண் போகிறவரை சதையை அலச வேண்டும். ஈரமாகாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. நைட்டியைத் தூக்கிச் செருகாமல் செய்ய முடியாது. விரல் நுனிகள் வெள்ளையாக ஊறி, ஓடு கிழித்த கீறல்களோடு இருக்கும். அந்தக் கையைத்தான் பாட்டுப் போட்டு ஆட வைத்திருக்கிறீர்கள்.

தண்ணீரும் பழைய தண்ணீர் இல்லை. குட்டநாட்டு வயலுக்குள் உப்பு ஏறாமலிருக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கினால் இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும், ஆகாயத்தாமரை மண்டும். மட்டி பெருக உப்பு வேண்டும், அது வருகிற வழி அடைபட்டுப் போகும். நெல்லுக்கு அணை வேண்டும், மட்டிக்கு அணை கூடாது. இரண்டும் அந்த ஊர்க்காரர்களின் சோறு. இதையெல்லாம் இத்தனை வருஷம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தத் திண்ணையைப் பற்றி நான் எழுதினால் சிலருக்கு எரிகிறது. "லீவு விட்டா மாமனார் வீட்ல போய் டேரா" என்று போன பதிவிலேயே ஒருவர். ஆமாம், போகிறேன். வருஷம் முழுக்க ஓடிய உடம்புக்கு அங்கேதான் ஓய்வு கிடைக்கிறது. மத்தியானம் கஞ்சி, பயறு, வறுத்த கரிமீன். அப்புறம் தூக்கம். மனைவியின் சித்திகள், மாமன்கள், அவர்கள் பிள்ளைகள் என்று சாயங்காலம் வீடு நிறைந்துவிடும். இன்றுவரை ஒருவர்கூட என்னிடம் எப்போது ஊருக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டதில்லை. "மோனே, கழிச்சோ?", அதாவது மகனே சாப்பிட்டாயா, என்றுதான் கேட்பார்கள். பெண்டாட்டி வீட்டில் நாலு நாள் தங்கினால் ஆம்பளைக்குக் கௌரவக் குறைச்சல் என்று எவன் சொல்லி வைத்தானோ! பெண்கள் ஆயுசு முழுக்கப் புருஷன் வீட்டில்தானே இருக்கிறார்கள், அவர்களுக்குக் கௌரவம் இல்லையா?

என் அப்பாவே அப்படித்தான் இருந்தார். கறுப்புச்சட்டைக்காரர். சாதி பார்க்காமல், தாலி கட்டாமல் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். ஆனால் சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்க மாட்டார். 2024 டிசம்பரில் வைக்கம் பெரியார் நினைவகத்தைப் புதுப்பித்து இரண்டு மாநில முதல்வர்களும் திறந்து வைத்த பிறகுதான், அதைப் பார்க்கிற சாக்கில் வந்தார். தவணக்கடவிலிருந்து ஆதித்யா என்கிற சோலார் படகில் அக்கரையில் இருக்கிற வைக்கத்துக்குக் கூட்டிப்போனோம். வல்யம்மாவும் கூட வந்தார். 1924இல் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களை இந்தக் கோயில் தெருவில் நடக்க விடாமல்தான் மறித்தார்கள் என்று அப்பா தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் பதில் சொல்ல, இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். அன்று ராத்திரி அப்பா அந்த வீட்டில் தங்கினார். மட்டிக்கறி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அந்த மனுஷியைத்தான் "ஆண்ட்டி, லுக்கு விடுங்க" என்கிறான்.

"டூரிஸ்ட்டுகளை வைத்துத்தானே அவர்கள் பிழைப்பு" என்று ஒரு நண்பர். மனைவியின் சித்தி மகன் ஹவுஸ்போட்டில் சமையல்காரன். சீசன் இல்லாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம், அது எனக்கும் தெரியும். போட்டே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வருகிறீர்கள், அறை உங்களுக்கு, சாப்பாடு உங்களுக்கு. கரையில் நிற்கிற பெண்ணின் உடம்பும் அந்தப் பில்லில் சேர்த்தியா? ராத்திரி மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால் பொழுது சாய்ந்தால் போட்டைக் கட்டிவிட வேண்டும் என்று அங்கே கட்டுப்பாடு உண்டு. வலைக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷிக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"நீ மட்டும் காயல் போட்டோ போடலாமா?" கேட்டுவிட்டுப் போடுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

"பொது இடம், யாரும் எடுக்கலாம்" என்கிறவர்களோடு பேச எனக்குத் தெம்பு இல்லை. 2002 ஜூலை 27 காலை, முஹம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு மூழ்கி 29 பேர் செத்தார்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதக் கிளம்பிய பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். ராத்திரி படியில் உட்கார்ந்தால் வல்யம்மா இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. அவர்கள் சாப்பிடுவதும் அந்தத் தண்ணீரிலிருந்துதான், அழுவதும் அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். உங்களுக்கு அது பொது இடம்.

ரீலைப் போட்ட பக்கத்துக்கு மெசேஜ் போட்டேன். "கிரெடிட் வேணுமா ப்ரோ?" என்று பதில் வந்தது. ஊர் பெயர் தெரியாத பையன், விடுங்கள். அவனைத் திட்ட மட்டும் நான் இவ்வளவு நீளம் எழுதவில்லை.

அதே ரீலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் பெரியப்பா மகன் போட்டிருக்கிறார், நாலு சிரிப்பு பொம்மையோடு. "தெரியாமப் போட்டுட்டாரு, பெருசு பண்ணாதே" என்று அத்தை போன் செய்கிறார். எப்படித் தெரியாது? என் கல்யாணத்தில் அவருக்கு இலை போட்டுப் பரிமாறியவர் வல்யம்மா. பிள்ளைகளோடு ஆலப்புழை வந்தபோது அவர் குளித்ததே அதே படித்துறையில்தான். போட் வாடகை மிச்சம் என்று அங்கே மூன்று நாள் தங்கியவர் அவர். முகம் தெரியவில்லையா, அல்லது மலையாளத்துச் சம்பந்தி என்றால் சிரிக்கலாம் என்று நினைப்பா? எங்கள் பக்கத்துப் பெரியம்மா யாராவது அந்த வீடியோவில் இருந்திருந்தால் இதே குரூப் சும்மா இருந்திருக்குமா? அருவாளைத் தூக்கியிருக்கும்.

வல்யம்மா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலை நாலரை மணிக்கு, இருட்டில், டார்ச்சைப் படியில் சாய்த்து வைத்துக்கொண்டு மட்டி அலசுகிறார். பாசி பிடித்த படி. அறுபது தாண்டிய உடம்பு. வழுக்கினால் யார் பொறுப்பு?

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். குரூப்பில் போட்டதை முதலில் அழியுங்கள். இப்போது பார்த்தேன், இன்னும் இருக்கிறது.