புளிசாதத்துக்கு இருக்கிற சோதனை சட்டைப்பை போனுக்கு இல்லையா?

தீம் பார்க் வாசலில் பையைத் திறந்து பார்ப்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆயிரக்கணக்கில் ஜனம் கூடுகிற இடம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதைத் தேடுகிறார்கள் என்று கொஞ்சம் ஓரமாக நின்று கவனியுங்கள், வயிறு எரியும்.

போன மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பார்க்குக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மெட்டல் டிடெக்டர் கதவு ஒவ்வொரு ஆளுக்கும் கத்திக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பில் தடவிப் பார்க்கிற கருவி மேசைமேல் சும்மா கிடந்தது. ஆனால் என் அம்மாவின் கட்டைப்பை மட்டும் அடிவரை கிளறப்பட்டது. துண்டுக்கு அடியில் இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டு, "வெளிச் சாப்பாடு அலவுட் இல்லம்மா" என்று ஒரே போடாகப் போட்டார்கள்.

"சுகர் இருக்கும்மா எனக்கு, நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றார் அம்மா.

"உள்ள ரெஸ்டாரன்ட் இருக்கும்மா."

கூடவே மேரி பிஸ்கட் பாக்கெட்டும், சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலும் போயின. காரில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் எந்தக் காரில் வைப்பது? பக்கத்து மேசையில் ஏற்கெனவே ஊர்ப்பட்ட டிபன் கேரியர்களும் முறுக்குப் பொட்டலங்களும் மலையாகக் குவிந்திருந்தன. சாயங்காலம் அதில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

காரணம் கேட்டால் 'பாதுகாப்பு, சுத்தம்' என்கிறார்கள். புளிசாதத்தால் யாருக்குப் பாதுகாப்புக் குறைவு? உள்ளே ஆறிப்போன வெஜிடபிள் ரைஸ் விற்க வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போங்களேன், அதிலாவது ஒரு நேர்மை இருக்கும். 2023 ஜனவரியில் சினிமா தியேட்டர்கள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளி உணவு கூடாது என்று சொல்லத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்றது. அதே தீர்ப்பில் நல்ல குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் வந்தது. சட்டப்படி அது தியேட்டருக்குத்தான், சரி. ஆனால் இரண்டு மணி நேரம் ஏசியில் உட்காருகிறவனுக்கே தண்ணீர் வேண்டும் என்றால், நாள் முழுக்க வெயிலில் சுற்றுகிறவனுக்கு வேண்டாமா?

அந்த செக்யூரிட்டிப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டு ஊர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் ஏச்சு வாங்குகிறார். உத்தரவு போட்டவர் ஏசி ரூமில் இருக்கிறார்.

சரி, இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறார்களே, ராட்டினத்தில் ஏறும்போது எப்படிச் சோதிப்பார்கள் என்று பார்த்தால், அங்கே ஒன்றுமே இல்லை. படகு மாதிரி இரண்டு பக்கமும் ஆடி, உச்சியில் தலைகீழாக நிற்கிற ராட்டினம் அது. இருந்தது ஒரே ஒரு ஆபரேட்டர். கம்பியை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். என் வரிசையில் ஒரு தம்பி மேல்பாக்கெட்டில் போன், இன்னொரு தம்பி கையை நீட்டி செல்ஃபி வீடியோ. ஆபரேட்டர் விசில் ஊதினார். தம்பி விசிலுக்கும் சேர்த்து போஸ் கொடுத்தான்.

இருபது மீட்டர் உயரத்திலிருந்து நழுவுகிற போன் கீழே வரும்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ராட்டினத்தின் வேகம் தனிக் கணக்கு. கீழே ஐஸ்கிரீமோடு நிற்கிற குழந்தையின் தலைக்கு அது போனா, கல்லா? 'உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். என் உடைமை போனால் நான் அழுதுகொள்கிறேன். அடுத்தவன் உடைமை என் மண்டையில் விழுந்தால் யார் பொறுப்பு? அதற்கு ஒரு பலகையும் இல்லை.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பார்க்கில் டிராகன் சேலஞ்ச் என்று இரட்டை ரோலர் கோஸ்டர் இருந்தது. இரண்டு ரயில்களும் மோதிவிடுவதுபோல் எதிரெதிரே பாயும். 2011-இல் பறந்து வந்த ஏதோ ஒரு பொருள் பட்டு ஒருவருக்குக் கண்ணே போனது. அதே ஆண்டு இரண்டையும் எதிரெதிரே விடுவதை அடியோடு நிறுத்தினார்கள். 2015-இல் ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் என்ற பார்க்கில், தவறவிட்ட பொருளை எடுக்க வேலி தாண்டிப் போனவர் மேல் ரோலர் கோஸ்டர் ரயில் மோதி ஆளே இறந்துபோனார்.

பட்டபின் அவர்களுக்குப் புத்தி வந்தது. யுனிவர்சலின் பெரிய ரோலர் கோஸ்டர்களில் ஏறும் வரிசையிலேயே மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள். சட்டைப்பையில் சில்லறை இருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்களும் புலம்புகிறார்கள்தான். ஆனால் சிறிய லாக்கர் இலவசம். அங்கே 2021-இல் திறந்த வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரில் லாக்கருக்கு இரண்டு பக்கமும் கதவு. ஏறுவதற்குச் சற்று முன் இந்தப் பக்கம் போனை வைக்கலாம், இறங்கி வந்து அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் லாக்கர் எங்கே? நுழைவாயில் பக்கத்தில். ராட்டினம் இருப்பது பார்க்கின் அந்தக் கடைசியில். வாடகை இருநூறு, டெபாசிட் இருநூறு, ரொக்கம் மட்டும். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் நடந்து போய் போனை வைத்துவிட்டு வர எவனுக்குத் தெம்பு இருக்கிறது? அதனால்தான் எல்லோரும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். விதியை மீறாமல் இருப்பதற்குக் காசும் கொடுத்து ஒரு கிலோமீட்டரும் நடக்க வேண்டும் என்றால் யார் மதிப்பார்கள்?

தண்ணீர்ச் சறுக்கில் இன்னும் மோசம். எனக்குக் கண்ணாடி பவர் ஐந்து. "கண்ணாடியைக் கழட்டிட்டு ஏறுங்க சார்" என்றார்கள். நியாயம்தான். எங்கே வைப்பது? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்கள். அதன்மேல் ஏற்கெனவே ஏழெட்டுக் கண்ணாடிகள், ஒரு கவரிங் செயின், யாரோ ஒருவரின் பல்செட். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நம்பர் போட்ட ஒரு தட்டு வைக்க எவ்வளவு செலவாகும்? சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்க வாசலில் நான்கு பேரை நிறுத்தியிருக்கிறார்களே, அதில் ஒருவரைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினால் போதாதா?

இத்தனைக்கும் பிறகு சாயங்காலம் டெபாசிட் பணத்துக்கு ஒரு வரிசை. ஈரத் துணியோடு நெடுநேரம் நின்று ஜன்னலுக்குப் போனால், உள்ளே இருந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு சொல்கிறார், "சில்லறை இல்ல சார், அந்தக் காசுக்கு ஜூஸ் வாங்கிக்கிறீங்களா?"