இரவில் கிளம்பும்போது ஜன்னலை நம்பாதீர்கள்

சின்ன விமானம் ஒன்று இரவில் கிளம்பிய ஓரிரு நிமிடத்தில் விழுந்தது என்று செய்தி வந்தால், கமெண்டில் முதலில் வருவது "என்ஜின் நின்னுருக்கும்". எத்தனையோ விபத்துகளில் என்ஜின் முழு சக்தியோடு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இடிபாட்டில் புரொப்பெல்லர் இதழ்கள் முறுக்கிக்கொண்டு, அகலவாக்கில் கீறலோடு கிடந்தால் அதுவே சாட்சி. பழுதில்லாத விமானத்தை, தான் ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே விமானி தரையில் மோதவிட்டிருக்கிறார்.

காரணம் காது. வேகம் கூடி முதுகு இருக்கையில் அழுந்துவதும் தலை பின்னால் சாய்வதும் உள்காதுக்கு ஒரே மாதிரிதான். பகலில் அடிவானத்தைப் பார்த்துக் கண் அதைத் திருத்திவிடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானம் கடல்மட்டத்தில் சுமார் 960 அடி ஓடி, 55 நாட் (மணிக்கு 55 கடல்மைல்) வேகத்தில் எழும்புகிறது. சராசரி முடுக்கம் புவியீர்ப்பில் ஏழில் ஒரு பங்கு. அதனால் தோன்றும் பொய்ச் சாய்வு 8 டிகிரி. அந்த விமானம் ஏறும்போது மூக்கு தூக்கியிருக்கும் கோணமே ஏறக்குறைய அவ்வளவுதான்! தரையை விட்டபின் முடுக்கம் குறையும், உண்மை. ஆனால் சக்கரத்தை உள்ளே இழுக்கும் விமானங்களில், சக்கரமும், இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் ஃபிளாப்பும் மடங்கியதும் வேகம் மறுபடி கூடும். மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிவிட்டது என்று தோன்றும், கை தானாக யோக்கை (விமானியின் கைப்பிடியை) முன்னே தள்ளும். தள்ளினால் வேகம் இன்னும் கூடும், பொய்யும் கூடும். 300 அடி உயரத்தில் இதைக் கண்டுபிடிக்க அவகாசம் கிடையாது.

திரும்பும்போது வேறு பொறி. வினாடிக்கு 2 டிகிரிக்கும் குறைவான மெதுவான சுழற்சியைக் காது உணர்வதே இல்லை. இறக்கை சரிந்துகொண்டே போகும், உடம்பு "நேராத்தான் இருக்கேன்" என்று சொல்லும்.

1959 பிப்ரவரி 3, நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகப்போகிற நேரம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பாடகர் பட்டி ஹாலி உள்ளிட்ட மூன்று இசைக்கலைஞர்களோடு கிளம்பிய பீச்கிராஃப்ட் பொனான்சா சில மைல் தூரத்திலேயே வயலில் விழுந்தது. நால்வரும் இறந்தார்கள். விமானிக்கு வயது 21, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிச் சான்று இல்லை. போதாக்குறைக்கு, அந்த விமானத்தில் இருந்த ஸ்பெர்ரி எஃப்3 கருவி மூக்கின் ஏற்ற இறக்கத்தை, அவர் பழகிய கருவிக்கு நேர் எதிராகக் காட்டும் வகை. வானிலை எச்சரிக்கையும் அவருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. விசாரணை அறிக்கை இந்த மூன்றையுமே குறிப்பிட்டது. என்ஜினில் குறை எதுவும் தெரியவில்லை.

விதிகளில்தான் எனக்குச் சண்டை. அமெரிக்காவில் இரவில் பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் 3 டேக் ஆஃப், முழுதாக நிறுத்திய 3 தரையிறக்கம் இருந்தால் போதும். அந்த மூன்றையும் ஊர் வெளிச்சம் நிறைந்த ஓடுபாதையிலேயே சுற்றிச் சுற்றி முடித்துவிடலாம். அடுத்த நாள் கிளம்புவதோ கடலையோ காட்டையோ நோக்கிய ஓடுபாதையில். ஓரவிளக்குகள் மூக்குக்குக் கீழே மறைந்த நொடியில் முன்னால் ஒன்றுமே இருக்காது. தெளிந்த வானமாக இருந்தால்கூட இதே கதைதான். மூன்றில் ஒன்றாவது இருட்டுத் திசையில், பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, 1,000 அடி வரை கருவியை மட்டும் பார்த்து ஏறியதாக இருக்க வேண்டும் என்பேன்.

செய்யவேண்டியது சிக்கலானதில்லை. தரையிலேயே தொடங்குங்கள். காற்றுறிஞ்சும் பம்பில் ஓடும் கைரோ (சாய்வு காட்டும் கருவிக்குள் சுழலும் சக்கரம்) என்றால் சுழன்று நிலைப்பட சுமார் 5 நிமிடம் கொடுங்கள். ஓடுபாதையை நோக்கித் தரையில் உருண்டு போய்த் திரும்பும்போது செயற்கை அடிவானம் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) 5 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. சாய்ந்தால் அன்றிரவு பறக்காதீர்கள். உறிஞ்சு அளவுமானி பச்சைக் கோட்டுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த பம்பின் கார்பன் தகடுகள் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும், கைரோவோ உடனே விழாது, வேகம் குறையக் குறைய மெல்லச் சாய்ந்து உங்களையும் சேர்த்துச் சாய்க்கும்.

எழும்பியதும் பார்வை உள்ளே வரவேண்டும். அந்த விமானத்துக்குரிய ஏறுகோணத்தைச் செயற்கை அடிவானத்தில் வைத்து, இறக்கையை மட்டமாகப் பிடியுங்கள். பிறகு ஆல்டிமீட்டர் (உயரமானி), ஏறுவேகமானி இரண்டுமே ஏற்றம் காட்டுகின்றனவா என்று பார்த்தபின்தான் சக்கரத்தை மடக்கலாம். ஏறுவேகமானி சில நொடி பின்தங்கும், ஆகவே அது மட்டும் போதாது. 172எஸ்ஸில் 74 நாட் பிடித்தால் ஏற்றம் தானாக வரும். கருவிவழிப் புறப்பாட்டில் 400 அடிக்கு முன் திருப்பம் கிடையாது. வானம் தெளிவாக இருந்தாலும் இரவில் இதைக் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை, நான் 1,000 அடி என்பேன். சரிவாகப் போகும் சாலை விளக்கு வரிசையை அடிவானம் என்று எடுத்துக்கொண்டு இறக்கையைச் சாய்ப்பதும் இந்த உயரத்தில்தான் நடக்கும்.

அந்த 1,000 அடி வரை கீழே விழுந்த பேனாவைத் தேடாதீர்கள், தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள். ரேடியோ அலைவரிசை மாற்றச் சொன்னால் "ஸ்டாண்ட்பை" (பொறுங்கள்) என்றால் போதும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் காத்திருப்பார்.