அடி வாங்கினால்தான் கவுன்ட்டர்

போக்கிமான் வீடியோ கேமில் சண்டை ஆடுகிறவர்கள் மத்தியில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "கவுன்ட்டர் வைத்தா ஜெயித்தாய்? அப்போ அது வெறும் லக்." இதை என்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. அந்தத் தொடரில் இருக்கும் நூற்றுக்கணக்கான மூவ்களில், அதாவது போக்கிமான்கள் சண்டையில் போடும் வித்தைகளில், ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், யோசிக்காமல் கவுன்ட்டரைத்தான் எடுப்பேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபைட்டிங் டைப் (இனம்) மூவ். 20 பிபி, அதாவது இருபது தடவை போடலாம். துல்லியம் 100. ஆனால் பவர் என்ற கட்டத்தில் எண்ணே இருக்காது, வெறும் கோடுதான். அதற்கென்று சொந்தமாக எந்த பலமும் கிடையாது. அந்த டர்னில் (சுற்றில்) எதிராளி ஒரு பிசிக்கல் மூவால், அதாவது உடல்பலத்தால், நம்மை அடித்திருந்தால், நாம் இழந்த ஹெச்பி (உயிர்ப்புள்ளி) எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு அவருக்குத் திரும்பிப் போகும். 40 இழந்திருந்தால் 80. அடிக்கவே இல்லையென்றாலோ, சக்தியை எறியும் ஸ்பெஷல் மூவால் அடித்திருந்தாலோ, கவுன்ட்டர் தோற்றுவிடும். நம் டர்ன் வீண்.

இன்னொரு விஷயம்தான் இதன் உயிர். ஒவ்வொரு மூவுக்கும் ப்ரையாரிட்டி என்று ஒரு முன்னுரிமை எண் இருக்கிறது. பெரும்பாலான மூவ்களுக்கு அது 0. கவுன்ட்டருக்கு மூன்றாம் தலைமுறை ஆட்டங்களிலிருந்து -5. அதாவது நம் போக்கிமான் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், எதிராளி வழக்கமான எந்த மூவைப் போட்டாலும், அவர் அடித்து முடித்த பிறகுதான் கவுன்ட்டர் வரும். ஆகவே முதலில் அடி வாங்க வேண்டும், வாங்கியும் நிற்க வேண்டும். நின்றால்தான் பதில்.

சரி, இதை நான் எப்போது உண்மையில் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். நண்பன் ஒருவனுடன் ஆடிய ஆட்டம். இரண்டு பக்கமும் லெவல் 50. என்னிடம் கார்சாம்ப் என்ற போக்கிமான், அவனிடம் லுகாரியோ. லுகாரியோவில் பாதி ஸ்டீல் டைப், கார்சாம்ப்பின் எர்த்க்வேக் கிரவுண்ட் டைப், பவர் 100. ஸ்டீலுக்கு கிரவுண்ட் என்றால் இரண்டு மடங்கு அடி. வேகத்திலும் என் கார்சாம்ப் முந்தும். எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. எர்த்க்வேக்கை அழுத்தினேன்.

லுகாரியோவின் ஹெச்பி பட்டை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஓடியது. ஓடி, கடைசி முனையில் ஒரு நூலளவில் நின்றுவிட்டது. ஃபோகஸ் சாஷைப் பிடித்துக்கொண்டு லுகாரியோ தாங்கிவிட்டது என்று திரையில் வரி வந்தது. முழு ஹெச்பியுடன் இருக்கும்போது ஒரே அடியில் விழ வேண்டிய போக்கிமானை 1 ஹெச்பியில் நிறுத்திவிடும் பொருள் அது. அடுத்த நொடி கவுன்ட்டர். என் கார்சாம்ப் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெச்பியில் எதுவும் கூட்டாத நல்ல லுகாரியோவுக்கு லெவல் 50-இல் 145 இருக்கும். 1 மட்டும் மிச்சம் என்றால் 144 போயிருக்கிறது. அதன் இரண்டு மடங்கு 288. கார்சாம்ப்புக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் லெவல் 50-இல் ஹெச்பி 215-ஐத் தாண்டாது. ஆக, நான் எர்த்க்வேக்கை அழுத்திய அந்தக் கணத்திலேயே என் கார்சாம்ப்பின் கதை முடிந்துவிட்டது. லுகாரியோவின் அட்டாக் எண்ணுக்கு இதில் வேலையே இல்லை. நான் வீசியதுதான் சுவரில் அடித்த பந்து மாதிரி எனக்கே திரும்பி வந்தது.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வியப்புதான். நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. லுகாரியோவுக்கு எதிரே கார்சாம்ப் நின்றால் யாராக இருந்தாலும் எர்த்க்வேக்கைத்தான் அழுத்துவார்கள் என்று கணித்து, ஒரே ஒரு ஹெச்பியை நம்பி அவன் கவுன்ட்டரைத் தேர்ந்தெடுத்தான். நான் வாள் நடனத்தைப் போட்டு என் அட்டாக்கை ஏற்றியிருந்தால்? அவன் டர்ன் வீணாகி, அடுத்த டர்னில் என் கை இன்னும் ஓங்கியிருக்கும். நான் வேறு ஒன்றை உள்ளே இறக்கியிருந்தால்? அப்போதும் வீண்தான். இவ்வளவும் தெரிந்துதான் அழுத்தினான். இதைப் போய் லக் என்றால் எதைத்தான் ஆட்டத் திறமை என்பது?

இந்த ஜோடியில் ஒரு அழகான முடிச்சும் இருக்கிறது. ஐந்தாம் தலைமுறையில் கார்சாம்ப்புக்கு ரஃப் ஸ்கின் என்ற மறை அபிலிட்டி (தானாக வேலை செய்யும் இயல்பு) வந்தது. தன்னைத் தொட்டு அடிக்கும் போக்கிமானுக்கு அதன் முழு ஹெச்பியில் எட்டில் ஒரு பங்கு போகும். கவுன்ட்டர் தொட்டு அடிக்கும் மூவ். அதனால் ரஃப் ஸ்கின் உள்ள கார்சாம்ப்பைக் கவுன்ட்டரால் வீழ்த்தினால், 1 ஹெச்பியில் நிற்கும் லுகாரியோவும் கூடவே விழும். பதிலடிக்கும் ஒரு பதிலடி.

இப்போது நாம் ஆடும் கவுன்ட்டர் இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு நெடுங்காலம் பிடித்தது என்பது பலருக்குத் தெரியாது. 1996-இல் வந்த முதல் தலைமுறையில் அது நார்மல், ஃபைட்டிங் ஆகிய இரண்டு டைப் மூவ்களுக்கு மட்டுமே பதில் சொன்னது. எர்த்க்வேக் வாங்கினால் அதற்குக் கவுன்ட்டர் கிடையாது. அதைவிடக் கொடுமை, அது "என்னை என்ன அடித்தது" என்று பார்க்காமல், கடைசியாகப் பதிவான டேமேஜ் எண்ணைப் பார்த்தது. அந்த எண்ணை யார் யாருக்குக் கொடுத்தது என்ற கவலை அதற்கு இல்லை. நாம் எதிராளிக்குக் கொடுத்த டேமேஜே அங்கே கிடந்து, அதற்கு இரண்டு மடங்காக அவருக்கே போன சங்கதிகள் உண்டு. கோஸ்ட் டைப்புகளையும் அது அடித்தது. அப்படி இருந்தும் அன்றைய ஆட்டக்காரர்கள் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. சான்சி என்ற போக்கிமானின் டிஃபென்ஸ் வெறும் 5, ஆனால் அடிப்படை ஹெச்பி 250. எதிரே ஸ்நோர்லாக்ஸ் நார்மல் டைப் பாடி ஸ்லாமால் அடித்தால் ஹெச்பி மளமளவென்று இறங்கும், ஆனால் தாங்கும். இறங்கியது இரண்டு மடங்காகத் திரும்பும். பலவீனமான இடத்தையே பொறியாக மாற்றிக்கொண்டார்கள்.

1999-இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது நிலைமை சீரானது. கவுன்ட்டர் எல்லா பிசிக்கல் அடிகளுக்கும் பதில் சொன்னது. ஸ்பெஷல் அடிகளுக்கென்று மிரர் கோட் வந்தது. கோஸ்ட் டைப்புகளுக்குக் கவுன்ட்டர் படாது, டார்க் டைப்புகளுக்கு மிரர் கோட் படாது என்றும் ஆனது. ஆனாலும் ஒரு குறை இருந்தது. அப்போது பிசிக்கலா ஸ்பெஷலா என்பதை மூவின் டைப்தான் தீர்மானித்தது. தீ டைப் என்றால் எல்லாமே ஸ்பெஷல், ஃபயர் பன்ச் என்று கையால் குத்தினாலும் சரி. கோஸ்ட் டைப் என்றால் எல்லாமே பிசிக்கல், ஷேடோ பால் என்று உருண்டையாக எறிந்தாலும் சரி. ஹிடன் பவர் இன்னும் குழப்பம். அது எந்த டைப்பாக மாறியிருந்தாலும் கவுன்ட்டரின் கண்ணுக்கு நார்மலாகவே தெரிந்தது. இதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல்கள். பார்த்து ஊகிக்க அங்கே வழியில்லை.

2006-இல் நான்காம் தலைமுறைதான் இதை உடைத்தது. ஒவ்வொரு மூவும் தனித்தனியாகப் பிசிக்கல் அல்லது ஸ்பெஷல் என்று பிரிந்தது. ஃபயர் பன்ச் பிசிக்கலானது, ஷேடோ பால் ஸ்பெஷலானது. என்னைப் பொறுத்தவரை கவுன்ட்டர் உண்மையில் பிறந்தது அந்த ஆண்டில்தான். எதிரே நிற்கும் போக்கிமானைப் பார்த்து, இது குத்துமா எறியுமா என்று யோசித்தால் விடை கிடைக்கும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அதே தலைமுறையில்தான் ஃபோகஸ் சாஷும் வந்தது. இரண்டும் சேர்ந்ததால் கவுன்ட்டர் தடித்த உடம்புக்காரர்களின் சொத்தாக இல்லாமல், மெலிந்தவர்களின் ஆயுதமாகவும் ஆகிவிட்டது.

சில நுணுக்கங்களை ஆடுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பல தடவை தொடர்ந்து அடிக்கும் மூவ் என்றால், கடைசி அடியின் டேமேஜ் மட்டும்தான் கணக்கு. போதாததற்கு முதல் அடியிலேயே சாஷ் தீர்ந்துபோய் இரண்டாம் அடியில் நாம் விழுந்துவிடுவோம். நமக்குப் பதிலாக நிற்கும் சப்ஸ்டிட்யூட் பொம்மை வாங்கிய அடிக்குக் கவுன்ட்டர் கிடையாது. நேரடியாக அடிக்காத ஸ்டேட்டஸ் மூவ்களைத் தடுக்கும் டவுண்ட் போட்டாலும் கவுன்ட்டரைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது ஸ்டேட்டஸ் மூவ் இல்லை. சைஷாக் என்ற மூவ் நம் டிஃபென்ஸை வைத்துக் கணக்கிட்டு அடித்தாலும், வகையில் அது ஸ்பெஷல்தான். அதற்கு மிரர் கோட்தான் பதில். இருவர் இருவராக மோதும் சண்டையில், நம்மைக் கடைசியாகப் பிசிக்கலாக அடித்த எதிரிக்கே கவுன்ட்டர் போகும், கூட்டாளியின் அடி கணக்கில் வராது. எதிராளி ஸ்டெல்த் ராக் பரப்பிவிட்டால் உள்ளே வரும்போதே ஹெச்பி குறைந்து சாஷ் வேலை செய்யாது. இவ்வளவு சாவிகள் எதிராளி கையில் இருக்கின்றன. மலிவான மூவ் என்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அப்புறம் வாபஃபெட். இதைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது.

இரண்டாம் தலைமுறையில் வந்த இந்த நீல உருவத்துக்குத் தானாக அடிக்கவே தெரியாது. கவுன்ட்டர், மிரர் கோட், சேஃப்கார்ட், டெஸ்டினி பாண்ட், அவ்வளவுதான் அன்று அதன் கைவசம். அடிப்படை ஹெச்பி 190, அட்டாக்கும் ஸ்பெஷல் அட்டாக்கும் ஸ்பீடும் தலா 33. முழுக்க முழுக்கப் பதிலடிக்காகவே படைக்கப்பட்ட ஒரு ஜீவன். அதன் வடிவமைப்பை நான் மனதார ரசிக்கிறேன். எதிராளி குத்துவாரா எறிவாரா என்று ஒவ்வொரு டர்னும் அது ஊகித்தாக வேண்டும். தவறினால் அடி மட்டும்தான் மிச்சம்.

ஆனால் 2002-இல் மூன்றாம் தலைமுறை அதற்கு ஷேடோ டேக் என்ற அபிலிட்டியைக் கொடுத்தது. எதிரே நிற்பவர் போக்கிமானை மாற்றவே முடியாது. அதன் குட்டியான வைநாட்டின் வழியாக என்கோர் மூவும் கிடைத்தது. எதிராளி கடைசியாகப் போட்ட மூவையே அவரைத் திரும்பத் திரும்பப் போட வைப்பது அது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே போக வழியில்லை, வேறு மூவ் போடவும் வழியில்லை. அடித்தே ஆக வேண்டும், எதால் அடிப்பார் என்பதும் தெரியும். அங்கே கவுன்ட்டர் போடுவதில் ஊகம் எங்கே இருக்கிறது? போக்கிமான் சண்டைகளுக்கு விதி வகுக்கும் ஸ்மோகன் தளத்தார் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் வாபஃபெட்டை மிகப் பலசாலிகளுக்கான ஊபர் பிரிவில் கொண்டுபோய் வைத்தார்கள். அடிக்கவே தெரியாத ஒன்றை அங்கே வைத்தது பலருக்கு விசித்திரமாகப் பட்டது. எனக்கு அது முழு நியாயமாகவே பட்டது.

என் நண்பன் எனக்குக் கவுன்ட்டர் கொடுத்தபோது நான்கு மூவ்களும் என் முன்னால் இருந்தன. மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் இருந்தது. நான் எர்த்க்வேக்கைத் தேர்ந்தெடுத்தேன், அதற்கான பலனை அனுபவித்தேன். அந்தத் தோல்வி என்னுடையது. ஷேடோ டேக்கிலும் என்கோரிலும் சிக்கித் தோற்றால், அந்தத் தோல்வியில் எனக்குப் பங்கே இல்லை. கவுன்ட்டரின் அழகே எதிராளிக்கு அடிக்காமல் இருக்கவும் உரிமை இருக்கும்போதுதான். அந்த உரிமையைப் பறித்துவிட்டால் வெறும் இரண்டு மடங்கு கணக்குதான் மிஞ்சும். ஆறாம் தலைமுறையில் கோஸ்ட் டைப்புகளை ஷேடோ டேக் கட்டுப்படுத்தாது என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம், ஆனால் எனக்கு அது போதவில்லை.

எதிர்ப்பக்கத்தில் எனக்கு ஒரு ஆசையும் இருக்கிறது. முதல் தலைமுறையில் ஆட்டத்துக்குள் வரும் செலடான் சிட்டியின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் மூன்றாம் மாடிக்குப் போனால் கவுன்ட்டரைக் கற்றுத்தரும் டிஎம்18 கையில் கிடைக்கும். 2004-இல் அந்த ஆட்டத்தைப் புதுப்பித்து ஃபயர்ரெட், லீஃப்கிரீன் என்று கொண்டுவந்தபோது, அதே மூன்றாம் மாடியில் கவுன்ட்டர் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். ஏகப்பட்ட போக்கிமான்கள் அவரிடம் கற்க முடிந்தது. ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் கற்றுத் தருவார், அதனால் யாருக்குக் கொடுப்பது என்று நாள்கணக்கில் யோசித்திருக்கிறேன். இன்று கவுன்ட்டர் லெவல் ஏறும்போதோ முட்டை வழியாகவோ சிலருக்கு மட்டுமே கிடைக்கிறது. யாரிடம் இருக்கும் என்று எதிராளிக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. லுகாரியோவைப் பார்த்தாலே இப்போது எல்லோரும் உஷாராகிவிடுகிறார்கள்.

அந்த மூன்றாம் மாடி ஆசிரியரை அடுத்த ஆட்டத்திலாவது திரும்பக் கூட்டி வாருங்கள். எதிரே நிற்கும் எந்த முகத்திலும் கவுன்ட்டர் ஒளிந்திருக்கலாம் என்ற அந்தப் பயத்தோடு ஒரு எர்த்க்வேக்கை அழுத்தி எனக்கு ரொம்ப நாளாகிறது.