மட்டம் தட்டுதல்

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தது. கொத்தனார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சித்தாளாக வந்திருந்த அக்கா பூச்சுக் கரண்டியை எடுத்துச் சுவரின் மேல்பக்கத்தை ஒரு மூன்றடி நீளத்துக்குப் பூசிவிட்டார். குழைத்த கலவை இறுகி வீணாகிவிடுமே என்றுதான். கொத்தனார் வந்து பார்த்தார்.

"கரண்டி பிடிச்சவளெல்லாம் கொத்தனாரா? வீட்டுக் கரண்டின்னு நெனச்சியா? போ, போய்க் கலவைய அள்ளு."

கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். டீ கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் சொன்னால், "சும்மா கிண்டல் பண்ணியிருப்பார், வேலை செய்யற இடத்துல இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கிண்டல் என்று பெயர் வைத்தால் கேட்டவர் மேல்தான் தப்பு என்றாகிவிடுகிறது, சிரிக்கத் தெரியாதவர் என்று. இதற்குத் தமிழில் சரியான சொல் இருக்கிறது. மட்டம் தட்டுதல்.

மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டில்லா மகிழ்ச்சி, மட்டுமரியாதை, கடல் மட்டம் எல்லாவற்றிலும் அந்த அளவுதான் இருக்கிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை எட்டியது என்று செய்தி வாசித்தால் ஊரே சந்தோஷப்படுகிறது. அதே சொல் மட்டமான அரிசி, மட்டமான புத்தி என்று வரும்போது தாழ்ந்துபோய்விடுகிறது. மட்டம் தட்டுதலில் வருவது இந்தத் தாழ்ந்த மட்டம். ஒருவரை இருக்கும் உயரத்தில் இருக்கவிடாமல் கீழே தட்டி இறக்குவது.

எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே தளம் போடுகிற காட்சிதான் கண்ணுக்கு வரும். மட்டப்பலகையை வைத்து இழுப்பார்கள். மேடாக நிற்கிற கலவையை வழித்துப் பள்ளமான இடத்தில் போட்டு, மறுபடியும் இழுப்பார்கள். மேட்டிலிருந்து எடுத்தது பள்ளத்துக்குப் போய்ச் சேரும். மனிதரை மட்டம் தட்டும்போது அப்படி எதுவுமே நடப்பதில்லை. அந்த அக்காவிடமிருந்து அன்றைக்கு வழித்தெடுத்தது யாருடைய பள்ளத்தையும் நிரப்பவில்லை.

குறை சொல்வது வேறு. "மேல்பக்கம் வாட்டமா, சரிவா இருக்கு பாரு" என்று கொத்தனார் சொல்லியிருந்தால் அது சுவரைப் பற்றிய பேச்சு, அந்த அக்காவும் திருத்தியிருப்பார். கொத்தனார் சொன்னதில் சுவரே இல்லை. பிடித்தவள் யார் என்பதுதான் இருந்தது.

அதிலும் அந்த 'எல்லாம்' இருக்கிறதே! எல்லாரும், எல்லாமும் என்று அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்கிற சொல். அதையே ஒற்றை ஆளோடு ஒட்டிப் பாருங்கள். நீயெல்லாம், உனக்கெல்லாம், அவளெல்லாம். வசவுச் சொல் ஒன்றுகூட இல்லாமலே ஆளைக் கீழே தள்ளிவிடுகிறது. 'மட்டும்தானே' இன்னொன்று. "வீட்டு வேலை மட்டும்தானே பாக்குற." இரண்டும் எங்கள் வீட்டிலும் புழங்குகிற சொற்கள்தான். என் வாயிலிருந்தும் வந்திருக்கின்றன, என் மகளிடம்கூட. இப்போது வாய்வரை வந்தால் விழுங்கிவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சிரித்தார்களே என்று கேட்கலாம். நகைச்சுவை எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு காரணம் சொல்லும் தொல்காப்பியம், முதலில் வைப்பதே எள்ளலைத்தான். சிரிப்பு வந்தது என்பதாலேயே அது இகழ்ச்சி இல்லை என்று ஆகிவிடாது.

அப்புறம் அந்த வேலைப் பெயர். சித்தாள் என்பது சிற்றாள்தான், சின்ன ஆள். ஐம்பது வயதில் தலைச்சுமையோடு மாடி ஏறி இறங்குகிற பெண்ணை அப்படித்தான் அழைக்கிறோம். பெரும்பாலான இடங்களில் ஆண் சித்தாள் கூடவே நின்று பார்த்துப் பழகி ஒருநாள் கொத்தனார் ஆகிறார். பெண் அதே கலவையை இருபது வருஷம் சுமந்தாலும் சித்தாளாகவே இருக்கிறார். கரண்டியைத் தொட்டால் இந்த மாதிரி ஒரு சிரிப்பு காத்திருக்கிறது. தொடாதே என்று யாரும் சட்டம் போட வேண்டியதே இல்லை.

ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு பேசிய கொத்தனார் அந்த மூன்றடியைச் சுரண்டி எடுக்கவில்லை. அதை ஒட்டியே மீதிச் சுவரைப் பூசி முடித்தார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் மாடிக்குப் போனேன். மட்டம் சரியா என்று பார்க்கிற ரசமட்டம் மூலையில் கிடந்தது. எடுத்து அந்த மூன்றடியின் மேல் மெதுவாக வைத்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் நின்றது.

மறுநாள் காலையில் அந்த அக்கா வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "ரசமட்டம் வச்சுப் பாத்தேன்க்கா, அப்படியே சரியா இருக்கு."

"தெரியும்மா," என்றார். "நானும் அப்பவே வச்சுப் பாத்துட்டேன்."